வைக்கோல் பாலாகும் கதை

அறுவடை முடிந்த நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். களத்து மேடுகளிலும் வீட்டுப் புறக்கடைகளிலும் வைக்கோற் படப்புகள் எழுந்து நிற்கும். இறுகக் கட்டிய வைக்கோலை ஏற்றிய லாரிகள் குமுளி மலைப்பாதையில் கேரளத்தை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் கிழக்கே திரும்பிய பின்னர், இப்பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியாயிற்று. உத்தமபாளையம், தேனி, போடி ஆகிய மூன்று வட்டங்களிலும் சேர்ந்து 14,707 ஏக்கர் நிலம் இருபோகப் பாசனம் பெறுகிறது. ஒரு டன் நெல் விளையும் வயலில் ஏறக்குறைய ஒரு டன் வைக்கோலும் கிடைக்கிறது.

நெல் மனிதனுக்கு, வைக்கோல் மாட்டுக்கு என்பது நம் முன்னோர் வகுத்த பங்கீடு. ஆனால் இப்பங்கீட்டில் ஒரு புதிர் உண்டு. வேறு தீனி எதுவுமின்றி வைக்கோலை மட்டுமே தின்று வரும் மாட்டைக் கவனியுங்கள். அதன் வயிறு புடைத்திருக்கும்; விலா எலும்புகளையோ எண்ணிவிடலாம். பால் வற்றும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். படப்பு நிறைய வைக்கோல் இருந்தும், வயிறு நிறையத் தின்றும் அம்மாடு பட்டினி கிடக்கிறது!

இது ஏன்? இக்கேள்விக்கு விடை காண அறிவியலுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைக் காண்போம்.

நான்கு அறைகள்

வைக்கோலின் பெரும்பகுதி செல்லுலோஸ் முதலான நார்ப்பொருள்களால் ஆனது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளைச் சரமாகக் கோத்தது போன்ற பொருள். அரிசியிலுள்ள மாவுப்பொருளும் அதே குளுக்கோஸ் சரமே. கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. இச்சிறு வேறுபாட்டினால் நம் குடலில் சுரக்கும் நொதிகளால் செல்லுலோஸை அறுக்க முடிவதில்லை. வியப்பு என்னவென்றால், மாட்டின் உடலில் சுரக்கும் நொதிகளாலும் அதை அறுக்க முடியாது.

அப்படியானால் மாடு எவ்வாறு வைக்கோலை உண்டு வாழ்கிறது? விடை அதன் வயிற்றின் அமைப்பில் உள்ளது. மாடு, எருமை, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகளின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறை பெருவயிறு. பெரிய மாட்டில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இரண்டாம் அறையின் உட்சுவர் தேன்கூடு போலிருக்கும். மூன்றாவது, புத்தகத்தின் ஏடுகளை அடுக்கி வைத்தது போன்றது. நான்காவது அறைதான் நம்முடைய இரைப்பையைப் போல் அமிலமும் நொதிகளும் சுரக்கும் மெய்யான இரைப்பை. தின்ற வைக்கோல் அங்கே போய்ச் சேருமுன் பெருவயிற்றில் பல மணி நேரம் ஊறுகிறது. மீண்டும் மீண்டும் வாய்க்கு வந்து அரைபடுகிறது. ஏராளமான உமிழ்நீர் அதனுடன் கலக்கிறது. உள்ளே வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். ஆக்சிஜனோ அநேகமாக இல்லை. சாணஎரிவாயுக் கலனைக் கண்டவர்கள் மாட்டின் பெருவயிற்றையும் அதுபோன்ற ஒரு நொதிக்கலனாகக் கருதலாம்.

செரிப்பவர் யார்?

1843-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குரூபி, டெலாஃபோன் என்னும் இருவர் பெருவயிற்றுச் சாற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். அதில் எண்ணற்ற ஒற்றைச்செல் உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவை அங்கே என்ன செய்கின்றன என்பது அன்று விளங்கவில்லை.

1860-களில் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகருக்கு அருகிலுள்ள வீண்டே என்னும் ஊரில் ஹென்னபெர்க், ஷ்டோமான் என்னும் வேதியியலார் எருதுகளைக் கொண்டு ஓர் எளிய சோதனை நடத்தினர். எருது தின்னும் தீனியையும், அது போடும் சாணத்தையும் நாள்தோறும் நிறுத்து, இரண்டையும் பகுத்து ஆராய்ந்தனர். உள்ளே சென்ற நாரில் பெரும்பகுதி சாணத்தில் வெளிவரவில்லை. செரிக்காது என்று தள்ளப்பட்ட நார் உடலுக்குள் எங்கோ செரிக்கிறது என்பது ஐயமற விளங்கிற்று. தீனி மூட்டைகளில் இன்றும் அச்சிடப்படும் ‘கச்சா நார்’, ‘கச்சாப் புரதம்’ என்னும் கணக்குகள் வீண்டே ஆய்வுக்கூடத்து முறையின் வழிவந்தவையே.

நாரைச் சிதைப்பவை நுண்ணுயிர்களே என்னும் கருத்தை 1879-இல் ட்சுன்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் முன்வைத்தார். சிதைந்த நாரிலிருந்து மாட்டுக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கேம்பிரிட்ஜில் விடை கிடைத்தது. பணி ஓய்வு பெற்றிருந்த முதுபெரும் உடலியலார் ஜோசப் பார்கிராஃப்டும், அவருடன் பணிபுரிந்த மெக்கனாலி, ஃபிலிப்சன் ஆகியோரும் செம்மறியாட்டின் பெருவயிற்றிலிருந்து திரும்பும் இரத்தத்தை ஆராய்ந்தனர். அதில் சர்க்கரைக்குப் பதிலாக அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் மிகுந்து காணப்பட்டன. 1944-இல் வெளியான இம்முடிவு ஒரு பழைய எண்ணத்தை மாற்றியது. மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இந்த அமிலங்களே தருகின்றன. அசிட்டிக் அமிலம் வேறொன்றுமன்று. காடியின் புளிப்பே அதுதான். அதிலிருந்து மாடு பாலின் கொழுப்பை உண்டாக்குகிறது. புரோப்பியானிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்ற, அதிலிருந்து பாலின் சர்க்கரை பிறக்கிறது.

அந்த நுண்ணுயிர்களைப் பிடித்து வளர்க்க வழி கண்டவர் அமெரிக்கரான ராபர்ட் ஹங்கேட். இவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியது மாட்டிலன்று, கரையானில்! மரத்தைத் தின்னும் கரையான் அதை எவ்வாறு செரிக்கிறது என்று ஆராய்ந்தவர், அதே கேள்வியை மாட்டிடமும் கேட்டார். ஆக்சிஜன் பட்டால் மடியும் பாக்டீரியங்களை, காற்றுப் புகாத சோதனைக் குழாய்களில் வளர்க்கும் முறையை 1940-களில் உருவாக்கினார். பெருவயிற்றுச் சாற்றின் ஒரு மில்லி லிட்டரில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியங்கள் இருப்பதை நாம் இன்று அறிவோம். 1975-இல் காலின் ஆர்பின் என்னும் ஆங்கிலேயர், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பூஞ்சைகளும் அங்கே உண்டு என்று காட்டினார். வைக்கோல் போன்ற முரட்டுத் தீனியின் தண்டைத் துளைத்து மற்றவற்றுக்கு வழி திறப்பவை இப்பூஞ்சைகளே.

ஆகவே, தொட்டியில் நாம் போடும் தீனியை முதலில் உண்பவை நுண்ணுயிர்கள். அவை விட்ட அமிலங்களை மாடு உறிஞ்சுகிறது. பின்னர் பெருவயிற்றிலிருந்து நழுவி நான்காம் அறைக்கு வரும் நுண்ணுயிர்களையே செரித்து, அவற்றின் புரதத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

பட்டினியின் காரணம்

நாம் தொடங்கிய புதிருக்கு இப்பொழுது விடை சொல்லலாம். நுண்ணுயிர் பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். தீனியில் ஏறக்குறைய 7 விழுக்காடு கச்சாப் புரதம் இருந்தால்தான் பெருவயிற்று வேலை தடையின்றி நடக்கும். நெல் வைக்கோலில் இருப்பதோ 3 முதல் 4 விழுக்காடே. நைட்ரஜன் போதாமல் நுண்ணுயிர்கள் குறைகின்றன. நார் சிதைவது தாமதமாகிறது. தின்ற வைக்கோல் பெருவயிற்றை விட்டு நகர்வதில்லை. வயிறு காலியாகாதபோது மாடு மேலும் எப்படித் தின்னும்? புடைத்த வயிறும் தெரியும் விலா எலும்பும் ஒரே மாட்டில் சேர்ந்து காணப்படுவதன் காரணம் இதுவே.

நைட்ரஜன் புரதமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. 1949-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூஸ்லியும் அவருடைய குழுவினரும் ஆடுகளுக்கு யூரியா ஒன்றையே நைட்ரஜன் மூலமாகக் கொடுத்தனர். உடலுக்கு இன்றியமையாத பத்து அமினோ அமிலங்களும் அவற்றின் பெருவயிற்றில் உருவாகியிருந்தன. ஃபின்லாந்து நாட்டு நோபல் அறிஞர் விர்த்தனென் இன்னும் ஒருபடி மேலே சென்றார். புரதமே இல்லாத தீனியுடன் யூரியாவும் அம்மோனிய உப்புகளும் கொடுத்து வளர்த்த பசுக்கள், சில சமயம் ஆண்டுக்கு 4,000 கிலோவைத் தாண்டியும் பால் கறந்தன என்று 1966-இல் அறிவித்தார். உரமூட்டையிலுள்ள பொருளைப் பால் புரதமாக்கும் திறம் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். யூரியாவை அளவு மீறியோ, நேரடியாகவோ தின்றுவிட்டால் அது பெருவயிற்றில் விரைந்து அம்மோனியாவாக மாறி இரத்தத்தில் ஏறி மாட்டைக் கொன்றுவிடும். வயலுக்குக் கரைத்து வைத்த யூரியா நீரைக் குடித்த ஆடு மாடு சிறிது நேரத்திலேயே விழுந்து மடிவது இதனால்தான்.

இந்திய ஆய்வுக்கூடங்களில்

நம் நாட்டில் கால்நடை ஊட்டம் பற்றிய ஆராய்ச்சி 1920-களில் பெங்களூரில் வேரூன்றியது. அங்கிருந்த அரசு கால்நடை, பால்பண்ணை நிலையத்தில் வார்த் என்னும் ஆங்கிலேய வேதியியலார் நம் நாட்டுத் தீவனங்களை ஒவ்வொன்றாகப் பகுத்து ஆராய்ந்தார். கோயம்புத்தூர்ப் பகுதித் தீவனங்களும் அவற்றுள் அடங்கும். 1927-இல் காந்தியடிகள் இந்நிலையத்துக்கு வந்து, மாடு வளர்ப்பைப் பற்றி அறிந்து சென்றார். 1930-களில் கால்நடை ஊட்ட ஆராய்ச்சி வடக்கே இஜத்நகருக்கு மாறியது. அங்கே கே. சி. சென், எஸ். சி. ரே, எஸ். கே. தாலபத்ரா ஆகியோர் நெல் வைக்கோலை எடுத்துக்கொண்டனர்.

அவர்கள் எதிர்ப்பட்டது மற்றொரு புதிர். வைக்கோலில் கால்சியம் ஓரளவு உண்டு. ஆயினும் வைக்கோல் தின்னும் மாடு, தீனியில் பெற்றதைவிட மிகுதியான கால்சியத்தை வெளியேற்றி, தன் எலும்பிலிருந்தே இழந்து வந்தது. இதற்குக் காரணம் நெல் வைக்கோலில் மிகுந்துள்ள ஆக்சலேட் என்னும் உப்பு. ஆக்சலேட் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, உடல் அதை உறிஞ்ச முடியாதவாறு செய்துவிடுகிறது. வைக்கோலைக் காரநீரில் ஊறவைத்துக் கழுவினால் ஆக்சலேட் நீங்குவதோடு நாரும் எளிதாகச் செரிக்கிறது என்று மூவரும் 1942-இல் எழுதினர்.

கார நீரில் வைக்கோலைப் பதப்படுத்தும் முறை புதிதன்று. முதல் உலகப் போர்க் காலத்துத் தீவனத் தட்டுப்பாட்டை அடுத்து, 1921-இல் ஜெர்மனியில் பெக்மான் அதை வகுத்திருந்தார். ஆனால் காஸ்டிக் சோடாவையும் கழுவுவதற்கு வேண்டிய நீரையும் நம் குடியானவர் எங்கே தேடுவார்? முறை ஏட்டோடு நின்றது.

எனினும் இஜத்நகர் ஆராய்ச்சியின் அடுத்த கண்டுபிடிப்பு நிலைத்து நின்றது. ஆக்சலேட் முழுவதும் அப்படியே இருந்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி பெருவயிற்றிலேயே சிதைந்து கார்பனேட்டாகிறது என்று தாலபத்ராவும் ரேயும் சென்னும் 1948-இல் எடுத்துக்காட்டினர். சிதைப்பது எந்த உயிர் என்பது தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் மில்டன் ஆலிசனும் அவருடைய தோழர்களும் ஆக்சலேட்டை உண்டே வாழும் ஒரு பாக்டீரியத்தைப் பெருவயிற்றிலிருந்து பிரித்தெடுத்து, 1985-இல் அதற்கு ‘ஆக்சலோபாக்டர் ஃபார்மிஜெனிஸ்’ என்று பெயரிட்டனர். இதே பாக்டீரியம் மனிதக் குடலிலும் உண்டு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை என்பதால், இன்று மருத்துவர்களும் இதை ஆராய்கின்றனர். நெல் வைக்கோலைப் பற்றிய கேள்வி எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்!

இஜத்நகரில் பணியாற்றிய கேஹர் என்பவர், மனிதர் உண்ணாத பொருள்களிலிருந்து தீவனம் தேடினார். மாங்கொட்டைப் பருப்பும் நாவற்கொட்டையும் அவருடைய ஆய்வுக்கு வந்தன. பெரியகுளம் மாந்தோப்புகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பேராதனையும் ஆனந்தும்

காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாக ஒரு பொருள் கிராமத்திலேயே இருந்தது. அதுதான் யூரியா. ஈரமான வைக்கோலில் யூரியாவைத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், நுண்ணுயிர்களின் நொதி அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியா நாரின் கட்டைத் தளர்த்துகிறது. வைக்கோலில் நைட்ரஜனையும் ஏற்றுகிறது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜயசூரியவும் பெரேராவும் இம்முறையை நெல் வைக்கோலில் சோதித்து 1982-இல் முடிவுகளை வெளியிட்டனர். இன்று பரிந்துரைக்கப்படும் அளவு இது: 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, அதைக் கரைக்க 40 முதல் 65 லிட்டர் தண்ணீர், மூடி வைக்கும் காலம் 21 நாட்கள். திறந்தபின் அம்மோனியா வாடை போகும்வரை ஆறவிட்டே மாட்டுக்குப் போட வேண்டும். பெருவயிறு முழு வளர்ச்சி அடையாத இளங்கன்றுகளுக்கு இதைக் கொடுக்கலாகாது. பதப்படுத்திய வைக்கோலில் கச்சாப் புரதம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. மாடும் விரும்பி, மிகுதியாகத் தின்கிறது.

அதே காலத்தில் குஜராத்தின் ஆனந்தில் தேசியப் பால்வள வாரியம், ஆஸ்திரேலிய அறிஞர் ரான் லெங்கின் துணையுடன் வேறொரு வழியைக் கையாண்டது. வெல்லப்பாகுக் கழிவு, யூரியா, தாது உப்புகள் ஆகியவற்றைக் கட்டியாக்கி, மாடு நக்கித் தின்னும்படி தொட்டியருகில் வைப்பது அம்முறை. கட்டி கெட்டியாக இருப்பதால் மாட்டினால் யூரியாவைச் சிறுகச் சிறுகவே உண்ண முடியும். நஞ்சாகும் ஆபத்து குறைகிறது. நுண்ணுயிர்களுக்கு நாள் முழுதும் நைட்ரஜன் கிடைக்கிறது.

அறிவியல் வென்றது, ஆனால் முறைகள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. தார்ப்பாயும் யூரியாவும் வாங்கக் காசு வேண்டும். நீர் சுமக்கவும் அடுக்கி மிதிக்கவும் ஆள் வேண்டும். நாளொன்றுக்கு ஓரிரு லிட்டர் கறக்கும் மாட்டில் இச்செலவு திரும்பி வருவதில்லை. நீர் உள்ளவர் கம்பு நேப்பியர் போன்ற பசும்புல்லை வளர்த்துக்கொண்டார். நீரற்றவரிடம் பதப்படுத்தக் காசு இல்லை. விவசாயி அறியாமையால் மறுத்தார் என்று கூறுவது பொருந்தாது. அவர் கணக்குப் பார்த்தே மறுத்தார்.

மலையிலிருந்து தொழுவத்துக்கு

இக்கணக்கு இன்று தேனி மாவட்டத்தில் புதிய பொருள் பெற்றிருக்கிறது. மேற்கு மலைச்சரிவுகளில் மேய்ந்து வளரும் மலைமாடுகள் இவ்வட்டாரத்துக்கே உரியவை. அடிவாரத்தில் கிடை போட்டு, காலையில் காட்டுக்கு ஓட்டிச் சென்று மாலையில் திரும்பக் கொண்டுவருவது பழைய வழக்கம். காட்டில் புல்லோடு அவரைக் குடும்பச் செடிகளையும் மரத்தழைகளையும் கலந்து மேய்ந்த மாட்டுக்கு நைட்ரஜனும் தாது உப்புகளும் தாமே கிடைத்து வந்தன. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தேனிப் பகுதிக் காடுகள் தொடர்பான வழக்கில் 2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது; அதே மாதத்திலேயே அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு உரியதாகத் திருத்தியது. காட்டுயிர்களின் தீனியையும் நலத்தையும் காக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. தலைமுறைகளாக மேய்த்து வந்தவரின் கவலையும் மெய்யானதே. காட்டை விட்டு இறங்கும் மாட்டுக்கு எதிரே இருப்பது பெரும்பாலும் வைக்கோற் படப்பு. மேய்ச்சலுக்கு வைக்கோல் தனியாக ஈடாகாது என்பதை இந்நூறாண்டு ஆராய்ச்சி நமக்குக் கூறுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நம் வீட்டுத் தொழுவங்களின் பழைய வழக்கங்களை அறிவியல் கண்ணால் மீண்டும் பார்க்கலாம். வைக்கோலுடன் ஓர் அணைப்பு அகத்தித் தழை போடுவது நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனும் மாட்டுக்குக் கால்சியமும் தருகிறது. நெல் வைக்கோலில் பாஸ்பரஸ் மிகவும் குறைவு. அது குறைந்த மாடு எலும்பையும் துணியையும் மெல்லும். அக்குறையைத் தவிடு ஈடு செய்கிறது. பருத்திக்கொட்டையின் புரதத்தில் ஒரு பகுதி பெருவயிற்றில் சிதையாமல் தப்பி நான்காம் அறையில் நேரே செரிக்கிறது. இலையும் தண்டும் என்று பார்த்தால், நெல்லில் தண்டே எளிதாகச் செரிக்கும். இலையில் சிலிக்கா மிகுதி. ஆகையால் தாளைத் தரையொட்டி அறுப்பது மாட்டுக்கு நன்மை. இன்றைய அறுவடை இயந்திரம் தாளின் அடிப்பகுதியை வயலிலேயே விட்டுச் செல்கிறது. மாட்டின் பங்கில் நல்ல பாதி அங்கேயே நின்றுவிடுகிறது என்பதை இயந்திரம் அமர்த்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அம்மரபின் வழியில் காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஊட்டவியல் நிறுவனம் இயங்குகிறது. 2020-இல் தேனிக்கே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பாரிஸிலும் வீண்டேயிலும் இஜத்நகரிலும் பேராதனையிலும் கேட்கப்பட்ட கேள்விகளைக் கம்பம் பள்ளத்தாக்கின் மாடுகளைக் கொண்டே கேட்க இப்போது வாய்ப்பு உண்டு. சுற்றியுள்ள ஊர்களில் எந்தத் தழை எந்த மாதத்தில் கிடைக்கிறது, எந்தக் கலவை கட்டுப்படியாகும், மலைமாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் எவை என்பவையெல்லாம் அங்கே பயிலும் மாணவர்கள் ஆராய வேண்டியவை.

அடுத்த முறை தொழுவத்தில் ஒரு மாடு கண்ணை மூடி அசைபோடுவதைக் காணும்போது, அதன் பெருவயிற்றில் கோடானுகோடி உயிர்கள் பந்தியில் அமர்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பந்தியில் வைக்கோலுடன் ஒரு பிடி தழையும் சேர்ந்தால்தான் மாட்டின் பசி தீரும்.